ராயப்பேட்டைக்கு அப்பால் ஒரு ஸ்டேஜ்

நவம்பர் 12, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். தீபாவளி முறுக்கு இன்னும் ஒரு டப்பா மிச்சம், நமுத்துவிட்டது. குடையில் இரண்டு கம்பி போயிற்று. சாயங்காலம் ராயப்பேட்டையில் ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும்.

கோர்ட்டில் டிராம் கேஸ் நாள். முப்பத்தோரு பேர், நாற்பது நிமிஷம். இதுவரை யாரும் செய்யாத வேகம். மாஜிஸ்திரேட் துரைக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. மொழிபெயர்க்கிற நான்தான் அவருக்குக் காது. கூண்டில் நிற்கிறவன் நீளமாக ஏதாவது சொல்வான். மழை, கூட்டம், கண்டக்டர் வரவில்லை, மாமியாருக்கு ஜன்னி. முழுக்கக் கேட்டுக்கொண்டு துரை பக்கம் திரும்பி, "கில்ட்டி, சார்" என்பேன். துரை அபராதம் எழுதுவார். அடுத்த ஆள். டிக்கெட் இருந்ததா, இல்லையா? கோர்ட்டுக்கு வேண்டியது அவ்வளவுதான். மீதி எல்லாம் உமி. பதினெட்டு வருஷமாகப் புடைத்துப் புடைத்துக் கை பழகிவிட்டது.

துரை எழுந்து போகும்போது, "நீர் இருப்பதால்தான் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போக முடிகிறது" என்றார். மாதக் கடைசியில் ஹெட் இன்டர்பிரட்டர் ரிடையர் ஆகிறார். அடுத்தது நான். எனக்கு அடுத்த இன்டர்பிரட்டர் ஜம்புலிங்கம் என் கீழே சேர்ந்து ஐந்து வருஷம்தான் ஆகிறது. நான் பழக்கிய ஆள்.

இரவு ஏழு மணி. எழுதவே கை கூசுகிறது. டிராமில் ராயப்பேட்டை வரை டிக்கெட் வாங்கினேன். அங்கே கொட்டுகிறது மழை. கையில் இருப்பதோ கம்பி போன குடை. இறங்கவில்லை. லஸ் வரை போய்விடலாம், கண்டக்டர் வந்தால் ஒரு ஸ்டேஜுக்குக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கண்டக்டர் அந்தக் கோடியில், கூட்டத்துக்குள். லஸ் வருவதற்குள் செக்கர் ஏறிவிட்டான்.

"இன்னா சார், ராயப்பேட்டை டிக்கெட்ட வச்சிகினு மைலாப்பூரு வந்துகினு கீறீங்க?"

சொன்னேன். மழை, குடை, கூட்டம், கண்டக்டர். பாதியில் நிறுத்திவிட்டேன். இந்தக் கதையை எங்கேயோ கேட்டிருக்கிறேன்.

"எல்லாரும் இதான் சார் சொல்றாங்கோ. பேரு? வூடு எங்க?"

நவம்பர் 13, செவ்வாய்

மழை விட்டது. வெயில் சுள்ளென்று. கோர்ட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. சா.விடம் மட்டும் சொன்னேன். (சா. என்றால் சாரதா, என் ஆத்துக்காரி. இந்த நோட்டைத் திறந்து பார்க்க மாட்டாள். பார்த்தாலும் சொல்ல மாட்டாள்.)

தோசை திருப்பிக்கொண்டே கேட்டாள். "ஏன்னா, ஊர்ல இருக்கறவாளுக்கெல்லாம் வாயா இருக்கேள். உங்களுக்குன்னு வரச்சே வாயே இல்லாம போயிடுத்தா?"

"சொன்னேன். அவன் நம்பலை."

"நம்பும்படியா சொல்லியிருக்க மாட்டேள்."

கோபம். இரண்டு தோசையோடு எழுந்துவிட்டேன். பசி.

நவம்பர் 16, வெள்ளி

சம்மன். கொண்டுவந்தவன் நம் கோர்ட்டுப் பியூனேதான். ஏறிட்டுப் பார்க்காமல் நீட்டினான். காப்பி கொடுக்கச் சொன்னேன், வேண்டாமென்று ஓடினான். எனக்காக அவன் வெட்கப்பட்டானாம்! எனக்கு என்ன வெட்கம்?

படித்தேன். "கம்பெனியை ஏமாற்றும் எண்ணத்துடன்." இப்படித்தான் அச்சடித்திருக்கும், எல்லாச் சம்மனிலும் அதே ஃபாரம். ஆயிரம் தடவை வாசித்திருக்கிறேன். என் பெயருக்குக் கீழே வாசிக்கும்போதுதான் அதில் 'ஏமாற்றும்' என்று ஒரு சொல் இருப்பது கண்ணில் பட்டது. வாய்தா 26-ம் தேதி.

சலவைக்கு: வேட்டி 4, சட்டை 2, கோட்டு 1 (காலரில் கறை).

நவம்பர் 19, திங்கள்

கோர்ட்டுக்கே தெரிந்துவிட்டது. டிராம் கம்பெனி சார்பில் தினம் வரும் குமாஸ்தா நாயுடு வராந்தாவில் வழிமறித்தார். நல்ல மனுஷன்.

"நைனா, இதுக்கா மூஞ்சிய தூக்கி வச்சிகினு கீற? மன்னிப்பு கேட்டு ஒரு கடுதாசி எழுதிக் குடு. கேஸ வாபஸ் வாங்கிடறேன். காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிடும்."

"கடுதாசியில் என்ன எழுத வேண்டும்?"

"சம்மன்ல இருக்கறத ஒத்துக்கறேன்னு எழுது. வேற இன்னா?"

முடியாது என்றேன். ஒரு ஸ்டேஜ் அதிகம் போனேன், அதை ஒப்புக்கொள்கிறேன். ஏமாற்ற நினைக்கவில்லை. நினைக்காததை நினைத்தேன் என்று என் கையால் எழுதித் தர மாட்டேன்.

மத்தியானம் சிரஸ்தார் முதலியார் கூப்பிட்டனுப்பினார். ஆபீஸ் முழுக்க அவர் கையில். "ஐயர்வாள், ஏமாத்தினதா தண்டனை ஆச்சுன்னா ஹெட் போஸ்ட் போச்சு. இருக்கிற வேலையும் நிக்குமான்னு நான் சொல்ல முடியாது. நாயுடு சொல்றத கேளுங்க."

கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, வேலை போனால் எத்தனை மாதம் ஓடும் என்று கணக்குப் போட்டேன். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

இன்றும் டிராம் கேஸ்கள். இருபத்திரண்டு. 'கில்ட்டி, சார்' இருபத்திரண்டு தடவை. ஒரு தடவை மட்டும் நாக்கு கொஞ்சம் தடுக்கிற்று.

நவம்பர் 21, புதன்

கோர்ட்டில் சொல்ல வேண்டியதை எழுதினேன். ஒரு பக்கம் தாண்டிவிட்டது. உரக்கப் படித்து, கடிகாரம் பார்த்தேன். நாலு நிமிஷம். துரைக்கு நாலு நிமிஷம் ஜாஸ்தி. வெட்டிப் பார்த்தேன். குடையை வெட்டினால் ஏன் இறங்கவில்லை என்பது புரியாது. மழையை வெட்டினால் குடை எதற்கு? கண்டக்டரை வெட்டினால் நான் திருடன்.

எதையும் வெட்ட முடியவில்லை.

மற்றவர்கள் கதையும் இப்படித்தானா? அவர்களும் நாமும் ஒன்றா என்ன. நான் படித்தவன், பொய் சொல்கிற வழக்கம் இல்லை. (பத்து மணி. திரும்ப யோசித்தேன். ஒன்றுதான்.) பதினெட்டு வருஷத்தில் எத்தனை பேர்?

நவம்பர் 25, ஞாயிறு

ஷவரம். கோட்டுக் காலர்க் கறையை சா. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டாள். மாடவீதியில் தெரிந்தவர் ஒருவர், "நாளைக்கு கோர்ட்டாமே?" என்று விசாரித்தார். தினமும் கோர்ட்டுதான் என்றேன். தலை நிமிர்ந்தே நடந்தேன். வேண்டுமென்றே இரண்டு சுற்று.

நவம்பர் 26, திங்கள்

வரிசையாக எழுத வேண்டும். மறந்துவிடக் கூடாது.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெஞ்சியில் உட்கார்ந்தேன். பெஞ்சி ஆடுகிறது. இத்தனை வருஷம் எதிரே நின்றும் அது தெரியாது. பக்கத்தில் சாந்தோம் மீன்காரி ஒருத்தி, பெயர் அந்தோணியம்மா. ஐம்பது வயசு இருக்கும். காலடியில் காலிக் கூடை.

"நீ இன்னா ஐயரே இங்க குந்திகினு கீற? நீ அந்தாண்ட நிக்கிறவன் ஆச்சே!"

"நானும் டிராம் கேஸ்தான்."

சிரித்தாள். சிரித்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

நான் பெஞ்சியில் இருப்பதால் ஜம்புலிங்கம் என் இடத்தில். என்னைப் பார்ப்பதைத் தவிர்த்தான். அவளை முதலில் கூப்பிட்டார்கள். டிக்கெட் இல்லாமல் போனது உண்மையா?

"சீட்டு இல்ல சாமி. ஆனா துட்டு குடுத்தேன். மீன வித்துட்டு வெறுங்கூடையோட ஏறினேன். கண்டக்டரு மூக்க பொத்திகினு துட்ட வாங்கினான், ஓரமா நில்லு, சீட்டு அப்பறம் தரேன்னான். கூட்டம் நெட்டிச்சி, அவன் அந்தாண்ட பூட்டான். செக்கரு வந்து என் கூடைய எட்டி ஒதச்சான். நா திட்டினேன். அதுக்குத்தான் எழுதிகினான்."

ஜம்பு முழுக்கக் கேட்டான். துரை பக்கம் திரும்பினான். "கில்ட்டி, சார்."

என் குரல், என் இழுப்பு, தலையை ஒருபக்கம் சாய்ப்பதுகூட என்னுடையது.

எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. "அவள் அப்படிச் சொல்லவில்லை" என்றேன், இங்கிலீஷில். துரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிறகு என்ன சொன்னாள் என்று கேட்டார். சொன்னேன். மூக்கைப் பொத்தியது முதல் கூடையை உதைத்தது வரை.

"ஜம்புலிங்கம் தவறாக மொழிபெயர்த்தாரா?"

"இல்லை. நான் கற்றுக் கொடுத்தபடி மொழிபெயர்த்தார். பதினெட்டு வருஷமாக நானும் இப்படித்தான் செய்கிறேன்."

அதைச் சொன்ன கணத்திலேயே ஹெட் போஸ்ட் போய்விட்டது. எனக்கும் தெரிந்தது, முதலியார் முகத்திலும் தெரிந்தது. இருந்தும் மார்பு லேசாயிற்று. இன்றைக்கென்று காலர் வேறு வெள்ளை வெளேரென்று!

துரை மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். கண்டக்டருக்குச் சம்மன் அனுப்பச் சொல்லி அவள் கேஸை டிசம்பர் 10-க்கு ஒத்திவைத்தார். அவள் என்னை வாழ்த்துவாள் என்று நினைத்தேன். வராந்தாவில் பிடித்துக்கொண்டாள்.

"யாரு ஒன்ன கேட்டா? ஒரு ரூபாய கடாசிட்டு போயிருப்பேன். இப்ப இன்னொரு நாளு பொழப்பு கெட்டுது! மீனு கெடந்து நாறும், நீ வந்து விப்பியா?"

மறுபடி பெஞ்சிக்குப் போய் உட்கார்ந்தேன்.

என் கேஸ். தமிழில்தான் சொன்னேன். நாலு நிமிஷம். ஜம்பு ஒரு சொல் விடாமல் சொன்னான். 'ஏமாற்றும் எண்ணத்துடன்' என்பதைத் துரை தன் பேனாவால் அடித்தார். கட்டணம் கட்டாமல் போனதற்கு ஒரு ரூபாய். கட்டிவிட்டு ரசீது வாங்கினேன்.

நவம்பர் 30, வெள்ளி

மழை. ஹெட் இன்டர்பிரட்டர் ஜம்புலிங்கம். எனக்கு நாளை முதல் காப்பிங் அறை: பழைய தீர்ப்புகளை நகல் எடுப்பது. சம்பளம் கொஞ்சம் குறையும். வாயைத் திறக்கவே வேண்டாத உத்தியோகம்.

ஜம்பு வந்தான். நின்றுகொண்டே இருந்தான். "சார், நான் வேணாம்னு எழுதிக் குடுத்துடட்டுமா?" "போடா, ஆளைப் பார்" என்று விரட்டினேன். கண்ணில் தண்ணீர், அவனுக்கு.

இரவு சா. கத்தரிக்காய் ரசவாங்கி பண்ணியிருந்தாள். நாளும் கிழமையும் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"தோணித்து. பண்ணினேன்." அப்புறம் சாதம் போட்டுண்டே, "முதலியாராத்து மாமி துக்கம் விசாரிக்கற மாதிரி வந்தா. எங்காத்துக்காரர் நிஜத்தைச் சொன்னார், இதுல துக்கம் எங்கேர்ந்து வந்ததுன்னு கேட்டேன். காப்பிகூட குடிக்காம போயிட்டா" என்றாள்.

(மேலே 'போட்டுண்டே' என்று பேச்சு வழக்கிலேயே எழுதிவிட்டேன். இருக்கட்டும்.)

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். இன்றைக்குப் போல் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை.

டிசம்பர் 4, செவ்வாய்

காப்பிங் அறையில் ஜன்னல் ஒன்று. மை தண்ணீராக இருக்கிறது. முதுகு வலி. வேறொன்றுமில்லை.

டிசம்பர் 10, திங்கள்

தெளிந்த வானம், நல்ல காற்று. பதினொன்றரை மணிக்கு பியூன் ஓடி வந்தான். துரை கூப்பிடுகிறார்.

கோட்டை மாட்டிக்கொண்டே போனேன். கூண்டில் அந்தோணியம்மா, வாயை இறுக மூடிக்கொண்டு. எதிரே கண்டக்டர். கால் மணியாக அவள் ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஜம்பு கெஞ்சியிருக்கிறான். கடைசியில், "பெஞ்சில எங்கூட குந்திகினு இருந்தாரே, அந்த ஐயரு வரட்டும். அவரு துரைக்கு சொன்னாத்தான் நா வாயத் தொறப்பேன்" என்றாளாம். ஜம்புவே அதை ஒரு சொல் விடாமல் துரைக்குச் சொல்லியிருக்கிறான்.

துரை என்னைப் பார்த்தார். "மொழிபெயர்க்க முடியுமா?" என்றார்.

பிறகு அவள் பேசினாள், பேசினாள், அப்படிப் பேசினாள். கண்டக்டர் முதலில் காசே வாங்கவில்லை என்றான். அவள் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "டேய், நம்ம மாதா கோயில்லதானே நீயும் முட்டி போடுற? மாதா மேல சத்தியமா சொல்லு! துட்ட வாங்கினியா இல்லியா? பொய் சொன்னா நீ துன்ற சோத்துல மண்ணு விழ!" என்றாள். சோற்றில் மண் விழுவதற்கு இங்கிலீஷில் என்ன? ஒரு நொடி திணறி, சோறு, மண் இரண்டையும் உள்ளபடியே போட்டேன். துரையை நோக்கிக் கை நீட்டி, அவள் மாதிரியே. துரை சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

கண்டக்டர் தலையைக் குனிந்தான். வாங்கினேன், கூட்டத்தில் மறந்துவிட்டேன் என்றான். அதையும் சொன்னேன். கேஸ் தள்ளுபடி.

வராந்தாவில் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்காக நின்றிருந்தாள்.

"ஐயரே, நா சொன்னது அத்தினியும் சொன்னியா?"

"அத்தனையும்."

"திட்டுனதயும்?"

"ஒன்று விடாமல்."

ஏற இறங்கப் பார்த்தாள். "துரையயே திட்டின மாதிரி இருந்திச்சி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.