அவள் சமாளிக்கவில்லை

ஜூன் 3

பள்ளியில் இருந்தபோது ஆபீஸ் கிளார்க் ஒருநாள் கேட்டார்: "ஏன் சார், நீங்க எழுதுற சான்றிதழ்ல மட்டும் எல்லாப் பசங்களும் தங்கமாவே இருக்காங்க?"

"குறை சொல்லத்தான் ஊரே இருக்கே" என்றேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் இயற்பியல் நடத்தினேன். ஒரு பிள்ளையைப் பற்றியும் குறைத்து எழுதியதில்லை.

இன்று என் மகளுக்கு எழுத வேண்டியிருந்தது. வீட்டில் அவள் பெயர் கடுகு. வானிலை அறிவியல் படிக்க ஆசை. பன்னிரண்டு மதிப்பெண் குறைகிறது. கடும் இடர்ப்பாட்டில் படித்தவர்களுக்கென்று பல்கலைக்கழகம் சில இடங்கள் வைத்திருக்கிறது. டாக்டர் சான்று கையில் இருக்கிறது: போன நவம்பரில் நான் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது, ஐந்து மாதப் படுக்கை. அவள் அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. வீட்டில் நாங்கள் இருவர்தான். அவள் பட்ட பாட்டை நேரில் கண்டவர் ஒருவரும் கடிதம் தர வேண்டுமாம். கண்டவன் நான்தானே. கால்மணி நேரத்தில் முடித்துவிட்டேன். "எந்த இடர் வந்தபோதும் தளராமல் வீட்டையும் படிப்பையும் ஒருசேரச் சமாளித்த பெண்." நல்ல வரி.

ஜூன் 11

திரும்பி வந்துவிட்டது. "தங்கள் கடிதத்தின்படி மாணவியின் படிப்பு பாதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. இருபதாம் தேதிக்குள் விளக்கவும்."

சேர்க்கை அலுவலகத்துக்கு போன் செய்தேன். எடுத்த அம்மாள் பொறுமைசாலி. "ஐயா, நீங்க எழுதினதப் படிச்சா அந்தப் பொண்ணுக்கு சீட்டு குடுக்கத் தோணல, கப்பு குடுக்கத்தான் தோணுது."

சிரித்தேன். போனை வைத்த பிறகு நாட்காட்டியில் எண்ணினேன். ஒன்பது நாள்.

கடுகு என் கடிதத்தின் நகலை இன்றுதான் படித்தாள். "சமாளிச்சேன்னு எழுதியிருக்கீங்கப்பா. நான் சமாளிக்கல."

ஜூன் 12

ஒரு வரியும் ஓடவில்லை.

ஜூன் 14

என்ன எழுத என்று அவளிடமே கேட்டேன். "ஏதாவது எழுதுங்க. நீங்க படுக்கையில கிடந்தப்ப நடந்தது மட்டும் வேணாம். உங்களுக்கு அசிங்கம்."

என் அக்காவுக்கு அதைவிடப் பயம். போனில் ஒரே சத்தம்: "எதையாவது எழுதித் தொலைக்காதடா. மானம் கப்பலேறிடும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷமா? பள்ளி முடித்த ஆண்டிலேயே விண்ணப்பித்தால்தான் இந்த இடம். சொன்னேன். அக்கா காதில் ஏறவில்லை.

பாலம் நிற்கிறது, ஆகவே அதன்மேல் பாரமில்லை என்று எழுதுகிற மாணவனுக்கு நான் மார்க் போட்டதில்லை. நானே அப்படித்தானே எழுதியிருக்கிறேன்?

ஜூன் 16

எழுதிவிட்டேன். புகழ்ச்சியை எல்லாம் அடித்துவிட்டு மணி மட்டும் போட்டேன். ஐந்துக்கு, முதுகில் புண் வராமலிருக்க என்னைப் புரட்டிப் படுக்க வைப்பாள். ஐந்தரைக்கு பெட்பேன் வைத்து எடுப்பாள். ஆறுக்கு உடம்பு துடைத்தல், பிறகு சமையல், பள்ளி. மதிய இடைவேளையில் ஓடி வருவாள், மறுபடி புரட்ட. சாயங்காலம் துணி, மருந்துக்கடை, சமையல். ஒன்பதுக்குப் புத்தகம் திறக்கும். ஒன்பதே காலுக்கு அதன்மேல் தலை.

பிறகு இயற்பியல் தேர்வு நாள். இந்த ஒரு பத்திக்கு இரண்டு மணி நேரம் ஆனது. அவள் தெருமுனை தாண்டிவிட்டாள். என் படுக்கை நனைந்துவிட்டது. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் வாசலில்தான் நின்றிருந்தார். ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்திருப்பார். அவர் என்னை அந்தக் கோலத்தில் பார்ப்பதா? மகளுக்கு போன் போட்டேன். திரும்பி வந்து எல்லாம் செய்துவிட்டு ஓடினாள். தேர்வுக்கு இருபது நிமிடமாவது தாமதமாகியிருக்கும்.

வந்ததும், "நேரத்துக்குப் போயிட்டேம்ப்பா" என்றாள். கடிகாரம் என் கண்ணெதிரே தொங்குது — நம்பின மாதிரி இருந்துட்டேன். ஏண்டா அப்படி இருந்தே? வாத்தியாராம், வாத்தியார்.

ஜூன் 17

படிக்கக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"இருபது இல்லப்பா, முப்பத்தஞ்சு நிமிஷம். சூப்பர்வைசர்கிட்ட கெஞ்சித்தான் உள்ள போனேன்."

பேனாவை நீட்டினாள். திருத்திக் கையெழுத்துப் போட்டேன். அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஜூன் 29

ஒன்றுமில்லை. போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். நான் பார்க்காதபோது நிமிர்த்திப் பார்க்கிறாள். அவள் குளிக்கப் போனால் நான் நிமிர்த்துகிறேன்.

ஜூலை 6

முதலில் தளரவில்லை என்றேன், அப்புறம் தளர்ந்தாள் என்கிறேன். ஒரே கேள்விக்கு இரண்டு விடை எழுதினால் நான் என்ன செய்வேன்? இரண்டையும் அடிப்பேன். அவர்களும் அடித்துவிட்டால்?

ஆகஸ்ட் 2

காலை ஏழு மணி. வாக்கரைப் பிடித்து நானே எழுந்தேன். குளியலறைப் படியைத்தான் இன்னும் தனியாகத் தாண்ட முடியவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். கடுகு கிளம்பிப் போன ஐந்து நாளாக அவர்தான் வருகிறார்.

"வாத்தியாரே, வெக்கத்த அந்தப் பக்கம் சாத்தி வச்சிட்டு, கைய இந்தப் பக்கம் குடுங்க."

கொடுத்தேன்.

எட்டரைக்கு பல்கலைக்கழகத்திலிருந்து கடுகு போனில் கூப்பிட்டாள். ஒன்பது மணி வகுப்புக்கு இப்போதே போய் உட்கார்ந்திருக்கிறாளாம். அறையில் வேறு யாரும் இல்லையாம்.

"அப்படி என்ன அவசரம்?"

"சும்மாதாம்ப்பா."

இந்த நோட்டு யார் கைக்காவது கிடைத்தால் ஒன்று செய்து பாருங்கள்: உங்களைக் கவனித்துக்கொள்பவர் நேற்று செய்த வேலைகளை, பாராட்டாக ஒரு சொல்லும் சேர்க்காமல், மணி போட்டு எழுதுங்கள்.