கழிமுகத்தில் ஒரு பந்தி

அத்தான்,

இன்று காலை வாய்க்காலை அடைத்துவிட்டார்கள். அறுவடை முடிந்தது, இனித் தண்ணீர் வேண்டாம். மதியத்துக்குள் அடிச்சேறு வெயிலில் காய ஆரம்பித்து, அந்த வாடை வீட்டுக்குள் வந்துவிட்டது. உடனே பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஆமாம், பேனாதான். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முதியோர் வகுப்பு ஆரம்பித்தார்கள். இந்த வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது! ஒரு வரி முடிப்பதற்குள் காப்பி ஆறிப்போகிறது. ஆறட்டும். சூடான காப்பியை யாரும் குடிக்கலாம்.

சேற்று வாடை என்றால் எனக்குப் புன்னைக்காயல்தான். நம் தாமிரபரணி கடலில் போய்ச் சேரும் இடம். வெயிலும் கடலும் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு அங்கே துடுப்புப் படகு விடுகிறார்கள். உங்கள் மகனும் என் மகளும் பேசி வைத்துக்கொண்டு, இரண்டு குடும்பத்தையும் இரண்டு வேனில் அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். உங்களைப் பார்த்ததும் நான் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றேன். நீங்கள் பனைமரத்தைப் பார்த்து நின்றீர்கள்.

நமக்குள் பேச்சு நின்று பல வருடம் ஆகியிருந்தது. என் மகள் கல்யாணத்தில் முதல் பந்திக்கு உங்களைக் கைபிடித்து அழைக்க யாரும் வரவில்லை. நான் மாப்பிள்ளை வீட்டாரோடு அலைந்துகொண்டிருந்தேன். நீங்கள் மண்டப வாசலில் நின்று பார்த்துவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டீர்கள். அதன்பின் உங்கள் வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை. அக்காவை டவுணில், நெல்லையப்பர் கோயில் பிராகாரத்தில் வைத்துத்தான் பார்ப்பேன். “எனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு இருக்கா, இல்லையாலே?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

அன்று எல்லோருக்கும் ஆரஞ்சு நிறத்தில் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டார்கள். ஒல்லியான படகு, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். என்னை முன்னால் உட்கார வைத்து, பின்னால் பேரன் ஏறுவான் என்றார்கள். முன்னால் இருப்பது உங்கள் சம்பந்தி என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்தது ஒரு முதுகு. அன்று எல்லா முதுகும் ஆரஞ்சு. அக்கா ஓடி வந்து என் காலடியில் ஒரு பொட்டலத்தை வைத்தாள். “புளிச்சோறு. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்.”

படகைத் தள்ளிவிட்டபின் பின்னாலிருந்து ஓர் இருமல் கேட்டது. அந்த இருமலை நான் மாட்டுச்சந்தைக் கூட்டத்திலும் அடையாளம் சொல்லுவேன். திரும்பலாம் என்றால் ஜாக்கெட் கழுத்தை விடவில்லை. இறங்கலாம் என்றால் ஆழம்.

பேச்சு இல்லாதவர்கள் பேச வேண்டி வந்தால், நம் பக்கத்தில் நடுவில் ஒரு பிள்ளையையோ தூணையோ வைத்துக்கொண்டு பேசுவார்கள். படகில் அதற்கும் வழியில்லை. கரையோர மரக்கிளையில் ஒரு நீர்க்காகம் இறக்கையைக் காயவைத்துக்கொண்டிருந்தது. நீங்கள்தான் தொடங்கினீர்கள்.

“ஏ காக்கா, முன்னால இருக்க ஆளு துடுப்பு போடுதாவளா, சாம்பார் கிண்டுதாவளா?”

“காக்கா, பின்னால இருக்கவிய ஒழுங்கா திருப்புனா நான் ஏன் கிண்டுதேன்னு கேளு.”

இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே அலையாத்தி மரங்களுக்கு நடுவே ஒரு குறுகிய ஓடைக்குள் போய்விட்டோம். படகு நின்றது. துடுப்பை ஊன்றினால் சேறு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் இறங்கியது, வேர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஆயுள் முழுக்க ஒரே வாய்க்காலில் பாசனம் செய்தவர்கள் நாம். இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

“மேல எவனோ ஷட்டர அடைச்சிட்டாம்லே!”

ஓடை வாயில் படகுக்காரப் பெண்ணின் சிரிப்பு கேட்டது. “அண்ணாச்சிமாரே, இங்கன ஷட்டரும் இல்ல, மடையும் இல்ல! கடல் தண்ணிய இழுத்துட்டு. சாயங்காலம் அதுவே கொண்டாந்து விடும். சேத்துல கால வச்சிராதிய, இடுப்பு வரைக்கும் போயிரும். என் படகும் உள்ள வராது, பைய இருங்க!”

மேலே வெயில், கீழே சேறு, கழுத்தில் ஜாக்கெட், முதுகுக்குப் பின்னால் நீங்கள். நீர்க்காகமும் பறந்துவிட்டது. இனி யாரை வைத்துப் பேசுவது? வேர்வை கண்ணில் இறங்கியது. நண்டுகள் வெளியே வந்து நம்மைச் சுற்றிப் பார்த்தன.

பிறகு பின்னால் படகின் விளிம்பில் துடுப்பு தட்டும் சத்தம். தட்டிக்கொண்டே இருந்தது. உங்கள் கை நடுங்குகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சர்க்கரை வியாதிக்காரர், சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. பொட்டலத்தைத் தோளுக்கு மேலே பின்பக்கம் நீட்டினேன். நீங்கள் வாங்கவில்லை. குரல் தேய்ந்துபோய், இல்லாத காகத்திடம் சொன்னீர்கள்:

“கூப்பிடாத பந்தியில நான் கை நனைச்சதில்ல.”

அக்காவின் தாலி என் நினைவுக்கு வந்தது. ஜாக்கெட்டின் வார்களைப் பிய்த்து எறிந்தேன். முழங்காலை மடக்கித் திரும்பினேன், படகு சேற்றில் ஆடியது. அத்தனை வருடத்துக்குப் பின் உங்கள் முகத்தை அப்போதுதான் அருகில் பார்த்தேன். மீசை முழுக்க வெளுத்திருந்தது. உங்கள் கையைப் பிடித்தேன்.

“அத்தான், சாப்பிட வாங்க.”

“இத அன்னைக்கே சொல்லியிருந்தா, நான் இந்த ஓட்டைப் படகுல ஏறியிருக்க மாட்டேம்லா வே” என்றீர்கள். முதல் கவளத்தை நான்தான் உங்கள் கையில் உருட்டி வைத்தேன். நடுக்கம் நிற்கும்வரை வைத்தேன். அதன்பின் ஒரே இலையில் இருவரும் சாப்பிட்டோம். “உப்பு கூட” என்றீர்கள். “ஒங்க வீட்டுப் புளிச்சோறுதான்” என்றேன். படகு கவிழ்ந்துவிடும்போல் சிரித்தீர்கள்.

சாயங்காலம் கடல் தண்ணீரைக் கொண்டுவந்து படகை மெதுவாகத் தூக்கியது. கரையில் அக்கா நம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. படகுக்குள் எட்டி, காலியான ஒற்றை இலையைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஏறுலே” என்று உங்கள் வேனைக் காட்டினாள்.

வகுப்பில் டீச்சர், பிடித்த வரி ஒன்றை எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் சாமி பெயரை எழுதினார்கள். நான் ‘சாப்பிட வாங்க’ என்று எழுதியதைப் படித்துவிட்டு, “பசிக்குதா தாத்தா?” என்று கேட்டார்கள்.

இப்போது நம் வீட்டு விசேஷம் எதுவானாலும் முதல் பந்திக்கு முன்னால் நான்தான் நிற்கிறேன். ஒருவர் விடாமல் முகத்தைப் பார்த்து, கையைப் பிடித்து, முறை சொல்லிக் கூப்பிடுகிறேன். கால் கடுக்கிறது, அத்தான். கடுக்கட்டும். நடுவில் காக்காவை விடுவதில்லை.