கம்பி கட்டிய வாய்

பிப்ரவரி 9, 1986
காவலூரில் பெரிய கண்ணாடி வைத்து, வால் நட்சத்திரம் பார்க்க ஜனங்கள் பஸ் பஸ்ஸாக எங்கள் மலை ஏறுகிற வருஷம் இது. எனக்கு எழுத்து தெரியாது. பல்லிடுக்கில் நான் சொல்ல, மருமகள் பூங்கோதை எழுதுகிறாள்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற வியாதி. பகலிலும் கண் சொருகும். கார்த்திகையில், எங்கள் கொல்லை, அதுதான் மலைமேல் சாமை விதைக்கிற நிலம், அதன் எல்லையை விசாரிக்க வந்த அதிகாரி முன்னால் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டேன். “பெருசு ஊத்திக்கினு வந்துருக்குது” என்று சிரித்தார்கள். போன மாதக் கடைசியில் வேலூரில் தாடையை அறுத்து முன்னுக்கு இழுத்து, தொண்டைச் சதையை வெட்டி, மேல்பல்லோடு கீழ்ப்பல்லைக் கம்பியால் கட்டினார்கள். ஆறு வாரம்.

பிப்ரவரி 13
சாமைக் கஞ்சித் தெளிவு. குடித்தால் பாதி மூக்கில் வருகிறது.

பிப்ரவரி 20
மறு விசாரணை மார்ச் 4 என்று தாக்கீது. கம்பி எடுப்பது 14. கொல்லைக்குப் பத்திரம் கிடையாது. அப்பா நட்ட கற்களைக் காடு மூடிவிட்டது. எந்தப் பாறையிலிருந்து எத்தனை தப்படி என்பது என் வாயில்தான் இருக்கிறது. வாயோ —

மகன் தேவராஜ் சொல்கிறான்: “ஆஸ்பத்திரிய அப்பறம் பாத்துருக்கலாம்.” அதற்குள் மூச்சு ஒரேயடியாக நின்றிருந்தால்?

பிப்ரவரி 24
“கல்லு நட்டப்ப கூட யாரு இருந்தாங்க மாமா?” என்றாள் பூங்கோதை. அப்பா, சித்தப்பா சடையன், தீர்த்தகிரி, மேல்வூட்டு ராஜாக்கண்ணு. எல்லாரும் போய்விட்டார்கள்.

“கஞ்சி யாரு கொண்டாந்தது?”

தங்கச்சி கெங்கம்மாள். பிற்பாடு மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டுக்காரன் ஒருவனோடு ஓடிப்போனாள். அன்றைக்கே அவள் செத்ததாகக் குடும்பத்தோடு தலைமுழுகினோம். செத்தவள் செத்தவள்தான். இதை எழுதாதே என்கிறேன். எழுதுகிறாள்.

மார்ச் 1
பகலில் கண் சொருகுவது நின்று ஒரு வாரமாகிறது. எல்லாம் நினைவுக்கு வருகிறது — வேண்டாததும்.

மார்ச் 4
சொன்னேன். பாறை, தப்படி, புளியமரம், ஒன்று விடாமல். அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பூங்கோதை எடுத்துச் சொல்லப் போனாள்.

“நீ பாத்தியாம்மா? பாத்தவங்க சொல்லணும். வேற யாராச்சும் உயிரோட இருக்காங்களா?”

“யாரும் இல்லீங்க” என்றான் தேவராஜ். அவனை அப்படிச் சொல்லித்தான் வளர்த்தேன்.

அதிகாரி பேனாவை மூடினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் தரம்தான் விளங்கியது.

“இருக்கா. அமிர்தியில. என் தங்கச்சி கெங்கம்மா.”