கரண்ட் போன நாட்கள்

மேதைக் கணவருக்கு,

லடாக் தொழிலாளர் முகாமில் நம் கம்பெனிச் சுவர்ப் பலகைகள் விரிசல் விடுகின்றன, காரணம் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, உங்கள் மனசு இளகிவிட்டதாம், வீட்டுக்கு வரச் சொல்கிறீர்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் உங்கள் குளிர் அறையில் அந்தப் பலகைகளைச் சோதித்தவள் நான். கரண்ட் போனால் பனி உருகும், வந்தால் மறுபடி உறையும். அப்போதெல்லாம் பலகை விரிசல் விட்டதைக் காட்டினேன். "கரண்ட் போன நாளை ஏன்மா கணக்குல சேக்குற? வேற பலகையை வை" என்றீர்கள். பனி உருகாமலே கிடந்த பலகைக்குச் சான்றிதழ் வாங்கி, அம்பத்தூர் வெயிலில் ஸ்வெட்டரோடு படமும் எடுத்துக்கொண்டீர்கள்.

லடாக்கிலும் பகலில் வெயில் அடிக்கும், ஐயா. பகலில் உருகும் தண்ணீர் சுவருக்குள் இறங்கி, ராத்திரியில் உறைந்து பிளக்கிறது. முதலில் அங்கே தூங்குகிறவர்களை வெளியேற்றுங்கள். படம் பிறகு எடுக்கலாம்.

வீட்டு விஷயம். நீங்கள் இறுகியே இருந்திருந்தால் நானும் தாங்கியிருப்பேன். மல்லிகைப்பூவோடு ஒருநாள் இளகுவீர்கள், மறுநாளே உறைந்துபோவீர்கள். அதில்தான் நானும் விரிசல் விட்டேன்.

தயவுசெய்து இனி இளகாதீர்கள்.

அயனம்பாக்கம் அக்கா வீட்டிலிருந்து,
உங்களிடம் சம்பளமில்லாமல் வேலை பார்த்தவள்