இரண்டு வாசலுக்கும் வந்த வேட்பாளர்

ஆரணி

அன்பு மகள் பிரிஸில்லாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் முழங்கால் உட்பட சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

போனில் உன் அண்ணன்கள் பேச்சை எடுத்தாலே நீ அழுகிறாய், அதனால் எழுதுகிறேன். டேவிட்ராஜும் பிலவேந்திரனும் பேச்சை நிறுத்தியதும், சின்னவன் மகள் முதன்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வரமாட்டேன் என்று பெரியவன் சொன்னதும் உனக்குத் தெரியும். வேடிக்கை என்னவென்றால் இருவரும் ஒரே கட்சி. விசைத்தறியில் பட்டு நெய்வதை நிறுத்துவோம் என்று நம் வேட்பாளர் சொன்னதாகக் கைத்தறி வைத்திருக்கும் பெரியவன் சொல்ல, விசைத்தறிக்குத் தடையே வராது என்றுதான் சொன்னார் என்று விசைத்தறி போட்டிருக்கும் சின்னவன் சொல்ல, நீ பொய்யன், நீ பொய்யன் என்று முற்றிவிட்டது. நம் வீட்டு முன்வாசல் கைத்தறித் தெருவிலும் பின்வாசல் விசைத்தறித் தெருவிலும் இருக்கிறதே, உன் அப்பா அப்படிக் கட்டியபோது வீண்செலவு என்று கோபித்தேன், இப்போது இருந்தால் சொல்லிக் காட்டியிருப்பார். வேட்பாளர் வேன் வரும் நாளில், மூச்சு முட்டுகிறது என்று சொல்லி இருவரையும் வரவழைத்தேன் (அந்தப் பொய்க்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்று). முன்வாசலில் வேட்பாளர் பெரியவன் சொன்னதையே மைக்கில் சொன்னார். வேன் தெருமுனை சுற்றுவதற்குள் இருவரையும் சமையலறை வழியாகப் பின்வாசலுக்கு இழுத்துப் போனேன். அங்கே அதே மாலை, அதே கும்பிடு, சின்னவன் சொன்ன பேச்சு! வேனை நிறுத்தி இது என்ன நியாயம் என்று கேட்டேன். கொஞ்சமும் வெட்கமில்லாமல், "ஊரு பாதிக்குப் பாதியா நிக்குதுங்கம்மா, எந்தப் பாதிய நான் வுடறது?" என்றார். எங்கள் கான்வென்ட் மதர் என்றால் வேன் மேலேயே முட்டி போட வைத்திருப்பார். எதிர்க்கட்சிக்காரர் மட்டும் என்ன, இரண்டு தெருவிலும் நெசவாளர் நலன் என்று சொல்லிவிட்டு நழுவுகிறார். ஓட்டுப் போடுகிற நாம் இப்படிப் பிரிந்து நிற்கும்வரை எந்தக் கட்சியும் தன் கொள்கையை வாய்விட்டுச் சொல்லாது போலிருக்கிறது.

பெரியவன் தம்பி பக்கம் திரும்பி, "இன்னாடா, ரெண்டு பேரையும் ஒண்ணா ஏமாத்திகினு இருந்துகீறான்" என்றான். சின்னவன், "நீ என்னைப் பொய்யன்னு திட்டிகினு இருந்தியேண்ணா" என்றான். அதற்குமேல் இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை புதுநன்மைக்குப் பெரியவன் குடும்பத்தோடு வந்துவிட்டான். பட்டு எந்தத் தறியில் நெய்வது என்ற சண்டை தீரவில்லை, விருந்திலும் நடந்தது, ஆனால் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து.

ஜெபமாலையை விடாதே. பதிலைப் பிழையில்லாமல் எழுது, போன கடிதம் சகிக்கவில்லை. மாதாவின் ஆசீர் உங்கள் இருவருக்கும் என்றும் இருக்கட்டும்.

ஓட்டன்று நான் எந்த வாசல் வழியாகப் புறப்படுவேன் என்று உன் அண்ணன்கள் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். உனக்கும் சொல்லமாட்டேன்.

உன் அம்மா,
இன்னாசியம்மாள்