வேம்படிக் கல்

ஆவணி, வெள்ளிக்கிழமை இரவு

இன்று சிறுவர் பூங்கா அமைக்கும் குழுக் கூட்டத்துக்கு வந்தவர்கள்: தலைவர் செல்வராசா அண்ணன், பாலர் பாடசாலை ரஞ்சினி ரீச்சர், பிரதேச சபை உத்தியோகத்தர் ஒருவர், பொருளாளர் நான்.

ஊஞ்சல் போட நிழலுள்ள இடம் வாவிக்கரை வேம்படி மட்டும்தான். அங்கே பிள்ளையார் இருக்கிறார். சனம் குப்பை கொட்டுவதை நிறுத்தத்தான் போன வருசம் அண்ணன் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார். குப்பை நின்றது, கும்பிடு தொடங்கியது. நானும் வெள்ளிக்கு வெள்ளி விளக்கு வைக்கிறேன்.

"நீங்க வெச்ச கல்தானே, நீங்களே எடுங்க" என்றார் ரீச்சர்.

"வெக்கக்குள்ள கல்லுதான் புள்ள. இப்ப தொடப் பயமாக் கிடக்கு" என்றார் அண்ணன்.

உத்தியோகத்தர் சிரித்தார். "அப்ப ஊஞ்சல வெயிலுக்க போடுவமா?"

"இரும்புச் சங்கிலி சேர், புள்ளையள்ர கை வெந்திரும்" என்றார் ரீச்சர் அவரிடம்.

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "கோயில் காரியம் தெரிஞ்ச ஆள் நீங்கதான் தங்கச்சி. நீங்க சொன்னாச் சரி" என்றார் அண்ணன்.

செலவுக் கணக்கைக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். ஞாயிறு சொல்கிறேன் என்று எழும்பி வந்துவிட்டேன். உடம்பெல்லாம் அலுப்பு, கண் மூடினால் நித்திரை இல்லை.

பிள்ளையாரப்பா, அந்தக் கல்லில் நீ வந்து இருக்கிறாயா, இல்லையா? பிள்ளைகளுக்கு நிழல் வேணும். ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் எனக்கு விளங்குகிற மாதிரி ஒரு பதில் சொல்லு.