ஆறுமணிக் குருவி வந்து போனது

தெமோதரை, இலங்கை
8.4.1974

அன்பு மகள் பாக்கியத்துக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பேரனும் கோத்தகிரிக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனைக் கும்பிட்டு எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவின் கருமாதி வெள்ளிக்கிழமை முடிந்தது, வரமுடியவில்லையே என்று நீ சாப்பிடாமல் கிடக்காதே, பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள்.

இங்கே ஒன்று நடந்தது. அப்பா படுத்திருந்த இடத்தில் கருமாதிவரைக்கும் விளக்கு எரியவேண்டுமென்று கதவைச் சாத்தாமல் வைத்திருந்தேன், ஒரு ராத்திரி மூடுபனியில் அந்த வெளிச்சத்துக்கு ஒரு ஆறுமணிக் குருவி உள்ளே வந்து சுவரில் மோதி விழுந்தது. லயத்தில் பக்கத்துக் காம்பரா மாரியாயி ஓடிவந்து, அண்ணன்தான் வந்திருக்காரு, கருமாதி முடியிறவரைக்கும் விட்டுறாதன்னு சொன்னாள். நானும் நம்பிக் கொழுந்துக்கூடையைக் கவிழ்த்து மூடினேன். அப்பாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் சோறும் வைத்தேன், தொடவில்லை. உசுரோட இருக்கப்பவும் உன் குழம்ப இப்படித்தான் மொறச்சுப் பாத்தாருன்னு மாரியாயி சொல்ல, அவர் போனபிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். தேயிலைத் தூரில் புழு தோண்டிப் போட்டதும் தின்றது.

பகலெல்லாம் பேசாமல் உட்கார்ந்திருக்கும், இருட்டினால் போதும், கூடைக்குள் தத்தித் தத்தி இறக்கையை அடிக்கும், அதுவும் தேயிலை ஸ்டோர் இருக்கிற வடக்குப் பக்கமே. கூடையைத் திருப்பி வைத்தாலும் அந்தப் பக்கமே வந்து முட்டும். நெற்றியில் ரத்தம் கசிந்துவிட்டது. ஐப்பசி மழையோடு வருகிற குருவி, சித்திரை வந்தால் அக்கரைக்கு, நீ இருக்கிற இந்தியாவுக்கே போய்விடும். போகிற நேரத்தில் பிடித்து வைத்திருக்கிறோம் என்று எனக்கு விளங்கியது. அது உன் அப்பா இல்லை பாக்கியம், அது குருவிதான். கருமாதிக்கு முன்பே கூடையைத் தூக்கிவிட்டேன். இருட்டில் எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை. அண்ணன வெரட்டிட்டியேன்னு மாரியாயி இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை, பிறகு அவளே தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

இந்தியப் பாஸ்போர்ட் வந்தும் அப்பாவை இந்த மண்ணில் தனியாக விட்டு வரமாட்டேன் என்று போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா. குழிமேட்டுக்குத் தினமும் போகிறேன், பேசுகிறேன், அவருக்கு இனி என்னால் ஆவது ஒன்றுமில்லை. உன் பிள்ளையை ஒருதரம்கூடத் தூக்கவில்லை. நான் வருகிறேன். இன்றைக்குக் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் கங்காணியிடம் தோட்டத்துக் கணக்கில் என் பேரை வெட்டச் சொல்லிவிட்டேன்.

பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றினால் ஈரம் போகத் துவட்டு. நீங்கள் மூவரும் குறைவில்லாமல் வாழவேண்டும். கப்பல் நாள் தெரிந்ததும் எழுதுவேன், மறக்காமல் மாப்பிள்ளையை ராமேஸ்வரத்துக்கு அனுப்பு, எனக்கு அங்கே யாரையும் தெரியாது. இறங்கும்போது நான் அழுதால் ஏன் என்று கேட்கவேண்டாம் என்று அவரிடம் சொல்லிவை.

இப்படிக்கு
உன் அம்மா
வெள்ளையம்மா